தூக்கிலிருந்து 20 ஆண்டுச் சிறைக்கு: கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வழக்கு

7 வயதுச் சிறுவன் ஒருவனைப் பணத்துக்காகக் கடத்திக் கொன்ற வழக்கு இது. 2009இல் கடலூர் மாவட்டத்தில் நடந்தது. செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மூன்று படியிலும் ஒரே விடை. பத்தாண்டு கழித்து அதே உச்ச நீதிமன்றம், தன் முடிவையே திரும்பப் பார்க்கக் கோரும் சீராய்வு மனுவில், தூக்கை ரத்து செய்து 20 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது.

இடையில் புதிய சாட்சி யாரும் வரவில்லை. குற்றம் செய்தவர் அவர்தான் என்ற முடிவும் அப்படியே நின்றது. இந்த மனிதர் திருந்தக்கூடியவரா என்ற கேள்வி மட்டும் 2023இல்தான் முதல் முறையாக ஒழுங்காகக் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வி அவ்வளவு தாமதமாக வந்தது எப்படி, வந்தபின் நீதிமன்றம் தண்டனையையும் சீர்திருத்தத்தையும் எப்படி எடைபோட்டது என்பதைப் படிப்படியாகப் பதிவு செய்வதே என் நோக்கம். குற்றவியல் வழக்கு நடத்தும் இளம் வழக்கறிஞர்கள், சிறைத்துறையில் இருப்பவர்கள், தண்டனை பற்றி யோசிக்கும் பொதுவாசகர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

சிறுவன், அவனுடைய குடும்பம், தண்டிக்கப்பட்டவர் என யாருடைய பெயரும் இதில் இல்லை. ஊர்ப் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: 2009 ஜூலை

ஜூலை 27ஆம் தேதி மாலை. பள்ளி வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுவனை, பைக்கில் வந்த ஓர் இளைஞர் அழைத்துச் சென்றார். பிள்ளை வீடு வந்து சேரவில்லை. இரவு தாயின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. 5 லட்சம் ரூபாய் கொடுத்தால் பிள்ளை கிடைப்பான் என்றது குரல். மறுநாளும் அழைப்பு வந்தது. 30ஆம் தேதி போலீசார் இளைஞரைக் கைது செய்தார்கள். அவர் காட்டிய குளத்திலிருந்து சாக்கில் கட்டப்பட்ட நிலையில் சிறுவனின் உடல் எடுக்கப்பட்டது. கழுத்து நெரிக்கப்பட்டு மூச்சுத் திணறி இறந்திருந்தான்.

அந்த இளைஞருக்கு அப்போது வயது 23. முன் குற்றப் பதிவு எதுவும் கிடையாது.

கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு, பணயத்துக்காகக் கடத்தியதற்கு 364ஏ பிரிவு, தடயத்தை மறைத்ததற்கு 201ஆவது பிரிவு. முதல் இரண்டு பிரிவுகளிலும் மரண தண்டனைக்கு இடமிருந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் வருவது கோபம்தான். எனக்கும் அப்படித்தான். அந்தக் கோபத்தில் தவறில்லை. சட்டமும் அதை இல்லையென்று சொல்வதில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து எந்த இடம் வரை போகலாம், எந்த இடத்தில் வேறு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்று ஒரு வரிசையைச் சட்டம் வகுத்திருக்கிறது. இந்த வழக்கில் தவறிப்போனது அந்த வரிசைதான்.

அந்த நேரத்தில் சட்டம் என்ன சொல்லியிருந்தது

1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மரண தண்டனை செல்லும் என்று சொன்னது. சொன்ன கையோடு கடுமையான வரம்பையும் போட்டது. கொலைக்கு ஆயுள் தண்டனைதான் விதி, தூக்கு விதிவிலக்கு. அரிதினும் அரிதான வழக்கில், வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும் அதைத் தொடலாம். குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவருடைய வயது, மனநிலை, மறுபடி வன்முறையில் இறங்க வாய்ப்புண்டா, திருந்தி வாழ வாய்ப்புண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பில் உள்ள ஒரு வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குற்றவாளி திருந்த மாட்டார் என்பதை அரசுத் தரப்பு சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. நான் திருந்துவேன் என்று கைதி நிரூபிக்க வேண்டியதில்லை. சுமை அரசின் தலையில்.

1983இல் மச்சி சிங் வழக்கு, தூக்குக்குத் தகுந்தவை என்று சில வகைக் குற்றங்களைப் பட்டியல் போட்டது. கொன்ற விதம், நோக்கம், சமூகத்தை உலுக்கும் தன்மை, எத்தனை பேர், கொல்லப்பட்டவர் யார் என்று ஐந்து தலைப்புகள். அப்புறம் நடந்தது என்னவென்றால், பல நீதிமன்றங்கள் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சன் சிங்கின் இரண்டாவது பாதியை விட்டுவிட்டன. வழக்கு ஐந்தில் ஒன்றில் பொருந்தினால் தூக்கு என்கிற பழக்கம் வந்தது. 2009 மே மாதம், இந்தக் கடத்தல் நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்திருந்தது. சீர்திருத்தத்துக்கு இவர் ஏன் தகுதியற்றவர் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லாமல் தூக்கு விதிக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி எது என்பது 2010இல் எல்லோர் கையிலும் இருந்தது.

முதல் மூன்று முடிவுகள்

2010 ஜூலை 30 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதாகிச் சரியாக ஒரு வருடம். கொலைக்கும் கடத்தலுக்கும் தூக்கு.

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு சொன்னது. இன்றைய புதிய சட்டத்தில் அது 258(2). காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் பல நீதிமன்றங்களில் இது சில நிமிடத்தில் முடிந்துவிடும். "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். "வயசான அப்பா அம்மா இருக்காங்க ஐயா, கருணை காட்டுங்க" என்பார் கூண்டில் நிற்பவர். அது ஒரு வரியாகப் பதிவாகும். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு மனிதரின் இருபத்துமூன்று வருட வாழ்க்கையை எடைபோட முடியாது. இந்த வழக்கிலும் தண்டனை குறித்து அர்த்தமுள்ள தனி விசாரணை நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் பின்னாளில் பதிவு செய்தது. குற்றத்தின் கொடூரம் மட்டுமே பேசப்பட்டது.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. உறுதிசெய்யும் அந்தக் கட்டத்தில் மேல் விசாரணைக்கோ கூடுதல் சாட்சியத்துக்கோ உத்தரவிடும் அதிகாரமும் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கீழே விடுபட்டதை மேலே நிரப்பவே அந்தப் பிரிவு இருக்கிறது. 2010 செப்டம்பர் 30 அன்று, அதாவது இரண்டே மாதத்தில், உயர் நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தது. விடுபட்டது விடுபட்டபடியே மேலே போனது.

2013 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் தண்டனையைக் கடுமையாக்கும் காரணங்கள் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டன. எதிர்த்து நிற்க முடியாத குழந்தை, திட்டமிட்ட கடத்தல், எந்தத் தூண்டுதலும் இல்லாமல் கொலை, உடலை அப்புறப்படுத்திய விதம். அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது: கொல்லப்பட்டவன் குடும்பத்தின் ஒரே ஆண் பிள்ளை, வம்சத்தை வளர்த்திருப்பான், முதுமையில் பெற்றோரைத் தாங்கியிருப்பான், ஆகவே பெற்றோரின் வேதனை இன்னும் பெரிது என்ற காரணம். எதிர்த் தட்டில் வைக்க எதுவும் இல்லை என்று ஆனது. அதே ஆண்டு மார்ச்சில் சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. அன்றைய வழக்கப்படி நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதங்களைச் சுற்றுக்கு விட்டு எடுத்த முடிவு அது. வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மூன்று நீதிமன்றங்கள் பார்த்தாயிற்று என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் முதல் படியில் ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனால், அடுத்த இரண்டு படிகளும் கோப்பில் இருப்பதை மட்டுமே பார்க்கும் வரை, அந்தக் கேள்வி இல்லாமலேயே மூன்று முறை பார்த்ததாகிவிடும். இந்த வழக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

மறுபடி திறந்த கதவு

2014 செப்டம்பரில் வேறொரு வழக்கில் அரசியல் சாசன அமர்வு முக்கியமான முடிவெடுத்தது. தூக்குத் தண்டனை வழக்குகளில் சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில், வாய்மொழி வாதம் கேட்டு விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே சீராய்வு தள்ளுபடியாகி இன்னும் தூக்கிலிடப்படாமல் இருப்பவர்களும் மீண்டும் மனு செய்யலாம். உயிரைப் பறிக்கும் முடிவில், அரைமணி நேரம் பேச விடுவதால் நீதிமன்றத்துக்கு எந்த நட்டமும் வந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். அந்த வாய்ப்பில்தான் இந்தக் கைதியின் மனு மறுபடி உயிர்பெற்றது.

மனு அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகியோர் முன் வந்தது. முதலில் குற்றம் நிரூபணமானதா என்பதையே திரும்பப் பார்த்தார்கள். கைபேசி அழைப்புப் பதிவுகளுக்குச் சட்டப்படி தேவையான 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்பட்ட சான்று) இல்லை என்ற வாதம் வந்தது. அந்த மின்னணுச் சாட்சியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியை ஆராய்ந்தார்கள். சிறுவனைக் கடைசியாக அவரோடு பார்த்த சாட்சிகள், அவர் காட்டிய இடத்தில் உடல் கிடைத்தது போன்றவை போதும் என்று முடிவாகி, குற்றத் தீர்ப்பு உறுதியானது.

இந்த வரிசையை நான் வலியுறுத்த விரும்புகிறேன். தண்டனையைக் குறைப்பவர்கள் குற்றத்தைச் சிறிதாக்குகிறார்கள் என்று பொதுவில் ஒரு பேச்சு உண்டு. இந்த அமர்வு குற்றத்தைக் கொஞ்சமும் சிறிதாக்கவில்லை. குற்றம் மிகக் கொடியது, மன்னிக்க முடியாதது என்று எழுதிவிட்டுத்தான் தண்டனைக்கு வந்தது.

சிறையிலிருந்து வந்த விவரம்

கைதி சிறையில் எப்படி இருக்கிறார் என்று நீதிமன்றம் கேட்டது. கடலூர் மத்திய சிறைக் கண்காணிப்பாளரிடமிருந்து வந்த தகவல் இது: நடத்தை திருப்திகரம். உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுக்கிறார். சிறையில் இருந்தபடியே உணவுத் தயாரிப்பு தொடர்பான பட்டயப் படிப்பை முடித்திருக்கிறார். 2013 நவம்பரில் தப்பிக்க முயன்றிருக்கிறார்.

கடைசி விவரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தப்ப முயன்றவர் திருந்தியவரா என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், நீதிமன்றத்தின் முன்னும் அது இருந்தது. அந்தத் தேதியைப் பாருங்கள். பிப்ரவரியில் மேல்முறையீடு போயிற்று, மார்ச்சில் சீராய்வு போயிற்று. திறந்த நீதிமன்ற வாய்ப்பு வர இன்னும் பத்து மாதம் இருந்தது. எந்த நாளும் தூக்கு வரலாம் என்ற நிலையில் இருந்த ஒருவர் செய்தது அது. நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. சிறை விதியை மீறினார், அது அவருடைய கணக்கில் எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் சீர்திருத்தம் என்பது சறுக்கலே இல்லாத நேர்கோடு என்று நினைத்தால், உலகத்தில் யாரும் அந்தத் தேர்வில் தேற முடியாது. பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள் அப்படி இருந்தது. மற்ற நாட்கள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அமர்வும் அந்த ஒன்றை வைத்து மட்டும் கதவை மூடவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சம்பந்தப்பட்ட காவல் நிலைய ஆய்வாளர் 2021இல் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், கைதியின் சிறை நடத்தை குறித்த முக்கியத் தகவல் மறைக்கப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. இந்த ஒரு சம்பவத்துக்காகவே தீர்ப்பை முழுசாகப் படிக்கலாம். திருந்தும் வாய்ப்பு உண்டா இல்லையா என்ற தகவல் யார் கையில் இருக்கிறது? சிறையின் கையில், போலீசின் கையில், அதாவது அரசின் கையில். தூக்கைக் கேட்பதும் அரசுதான். கேட்பவரே தகவலையும் வைத்திருக்கும்போது, எல்லாவற்றையும் மேசையில் வைக்கும் கடமை அவருக்கு இரட்டிப்பாகிறது. கைதிக்குச் சாதகமானதோ பாதகமானதோ, இரண்டும் வர வேண்டும்.

எடைபோட்ட விதம்

2023 மார்ச் 21 அன்று தீர்ப்பு வந்தது. அதில் எடுக்கப்பட்ட முடிவுகளை நான் மூன்றாகப் பார்க்கிறேன்.

முதலாவது, கேள்வி கேட்பது யாருடைய கடமை என்பது. கைதியின் வழக்கறிஞர் எதுவும் சொல்லவில்லை, ஆகவே சாதகமான சூழ்நிலை எதுவும் இல்லை என்று நீதிமன்றம் இருந்துவிட முடியாது. தேடிக் கண்டறிவது நீதிமன்றத்தின் வேலை. இந்தக் கைதி விஷயத்தில் எந்த நீதிமன்றமும் அதைச் செய்யவில்லை என்று அமர்வு நேராக எழுதியது. தன் சொந்த நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பையும் சேர்த்துத்தான். அப்படி எழுத மனத்துணிவு வேண்டும்.

இரண்டாவது, "ஒரே ஆண் பிள்ளை" என்ற காரணம். இதை அமர்வு நிராகரித்தது. குழந்தையைக் கொல்வது எப்படிப் பார்த்தாலும் கொடூரம், அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்பது ஓர் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கடுமையாக்கும் காரணமாக இருக்க முடியாது, ஆண் வாரிசு பற்றிய ஆணாதிக்க மதிப்பீடுகளை நீதிமன்றம் வளர்க்கக் கூடாது என்றது. இதைப் படித்தபோது எனக்கு மனது நிறைந்தது. நம் ஊரில் பிள்ளை இழந்த வீட்டில் துக்கம் கேட்கப் போகிறவர்கள் "ஒத்த ஆம்பளப் புள்ளயாச்சே" என்று அழுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அழுகை உண்மையானது. ஆனால் அது ஒரு தீர்ப்பின் காரணமாகிவிட்டால், கொல்லப்பட்டது பெண் குழந்தையாக இருந்தால் குற்றம் ஒரு படி குறைவு என்று அரசே சொன்னதாகிவிடும்.

மூன்றாவதுதான் தண்டனையின் அளவு. 23 வயது, முன் குற்றம் இல்லை, சிறை நடத்தை, படிப்பு எல்லாம் சேர்ந்து திருந்தும் வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாத நிலையைக் காட்டின. குற்றத்தின் கொடுமையை மட்டும் வைத்துத் தூக்கு கூடாது, சீர்திருத்தத்துக்கு வழியே இல்லை என்றும் தெரிய வேண்டும். ஆகவே தூக்கு நிற்காது. சரி, அப்படியானால் சாதாரண ஆயுள் தண்டனை போதுமா? போதாது என்றது அமர்வு. ஆயுள் தண்டனை பெற்றவருக்கு அரசு தண்டனைக் குறைப்பு தரலாம். இப்படிப்பட்ட கொலைக்கு அதை அப்படியே திறந்துவிட்டால் குற்றத்துக்கு ஈடான தண்டனை ஆகாது. எனவே 20 ஆண்டுக்குக் குறையாமல், எந்தக் குறைப்பும் சலுகையும் இல்லாமல் ஆயுள் தண்டனை என்று முடிவானது.

20 ஆண்டு என்ற நடுவழி எங்கிருந்து வந்தது

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு மாநில அரசு விரும்பினால் விடுவிக்கலாம். ஒரு பக்கம் தூக்கு, மறுபக்கம் பதினான்கு ஆண்டில் வெளியே வரக்கூடிய ஆயுள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். ஆயுள் போதாது என்று தோன்றும் நீதிபதி, வேறு வழியில்லாமல் தூக்குப் பக்கம் சாய்ந்துவிடும் அபாயம் இருந்தது. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பள்ளத்தில் ஒரு பாலம் கட்டியது. 20, 25, 30 ஆண்டு அல்லது வாழ்நாள் முழுவதும் என்று, குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கலாம் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலை தொடர்பான வழக்கில் 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாக அதை ஏற்றது. குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் கருணை அதிகாரம் மட்டும் தொடப்படாமல் இருக்கும்.

ஆனால் இந்த வகைத் தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம். செஷன்ஸ் நீதிபதி கையில் இந்தக் கருவி கிடையாது. சாட்சிகளை நேரில் பார்த்தவர், கூண்டில் நின்றவர் முகத்தைப் பார்த்தவர் அவர். அவருக்கு இரண்டே வழிதான். தண்டனைக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவே சமநிலை காணும் வேலை மேல்முறையீட்டுக்கே விடப்பட்டிருக்கிறது என்பதன் பொருள் இதுதான். அதனால்தான் மேல்முறையீட்டில் தண்டனையைத் தனியாக, முதலிலிருந்து யோசிக்காமல் விடுவது சாதாரணத் தவறு ஆகாது. இந்த நடுவழியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ள முதல் இடம் உயர் நீதிமன்றம். 2010இல் அது அந்த வழியைப் பரிசீலித்திருந்தால், பின்னால் வந்த பன்னிரண்டரை ஆண்டுகள் இரு குடும்பங்களுக்கும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

20 என்ற எண்ணில் எனக்குள்ள ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏன் 25 இல்லை, ஏன் 18 இல்லை என்பதற்குத் தெளிவான அளவுகோல் எங்கும் இல்லை. ஒத்த குற்றங்களுக்கு ஓர் அமர்வு 20 என்றும் இன்னொன்று 30 என்றும் சொல்கிறது. அந்த எண்ணுக்கான காரணம் ஓரிரு பத்தியாவது தீர்ப்புகளில் எழுதப்பட்டால், பின்னால் வருபவர்களுக்கு வழி தெரியும்.

பின்பு என்ன

கைதி 2009இலிருந்து உள்ளே இருக்கிறார். அந்தக் காலத்தையும் சேர்த்து எண்ணினால் 2029இல் 20 ஆண்டு நிறையும். அப்போது அவருக்கு 43 வயதிருக்கும். 20 ஆண்டு முடிந்தால் விடுதலை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. விடுதலையைக் கோரிப் பரிசீலிக்கச் சொல்லும் தகுதிதான் அப்போது வரும். விடுவிக்கலாமா என்பதை அன்றைக்கு அரசு முடிவு செய்யும். அதுவரை தண்டனை ஆயுள் தண்டனைதான்.

சட்ட உலகத்தில், 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் வந்த வழிகாட்டுதல்கள் இந்தத் தீர்ப்புக்குத் துணை நின்றன. தூக்கு கேட்கும் வழக்குகளில் குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை விசாரணை நிலையிலேயே அரசு தாக்கல் செய்ய வேண்டும், குடும்பம், படிப்பு, வருமானம், வளர்ந்த சூழல் பற்றிய விவரங்களைத் திரட்ட வேண்டும், சிறை அறிக்கை பெற வேண்டும் என்றது அது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை விசாரணைக்கு எவ்வளவு அவகாசம் தருவது என்பதை நாடு முழுவதும் ஒரே சீராக்க ஐந்து நீதிபதி அமர்வுக்கு விஷயம் அனுப்பப்பட்டது.

சிறுவனின் குடும்பம்

இந்த ஆய்வில் மிகக் கஷ்டமான பகுதி இது. தூக்கு உறுதியானது என்று 2013இல் அந்தத் தாய்க்குச் சொல்லியாயிற்று. பத்து வருடம் கழித்து, இல்லை, அது மாறிவிட்டது என்கிறோம். சட்டப்படி இரண்டாவது முடிவு சரி என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும் முதல் முடிவை அவசரமாக எடுத்ததற்கான விலையைக் கைதி மட்டும் கொடுக்கவில்லை, அந்தத் தாயும் கொடுத்தார். ஆறிய புண்ணைக் கீறிப் பார்த்தது போன்றதுதான் இது.

கொடிய குற்றங்களில் தண்டனையின் அளவே பாதிக்கப்பட்டவருக்கான ஆறுதல் என்று நினைக்கப் பழகிவிட்டோம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு மனநல ஆதரவு, இழப்பீடு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் முறையாகத் தெரிவிக்கும் ஒரு ஆள், இவை எல்லாம் தண்டனை 20 ஆண்டானாலும் தூக்கானாலும் தேவைப்படும். 2009இலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இழப்பீட்டுத் திட்டத்துக்கு இடம் வந்துவிட்டது. தீர்ப்பு சொல்லும்போதே அதற்கான உத்தரவையும் சேர்த்துச் சொல்வது எல்லாப் படியிலும் வழக்கமாக வேண்டும்.

என்ன மாற வேண்டும்

கைதி ஒருவரின் வாழ்க்கை விவரத்தைத் திரட்டும் வேலை, குற்றவாளி என்று தீர்மானித்த மறுநாள் தொடங்கினால் காலம் கடந்துவிடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போதே தூக்குக்கு வாய்ப்புள்ள வழக்கு எது என்பது தெரிந்துவிடும். அப்போதே ஒரு நன்னடத்தை அலுவலர் அவருடைய ஊருக்குப் போய், பள்ளி ஆசிரியர், அக்கம்பக்கத்தார், வேலை கொடுத்தவர், உறவினர் என்று பேசித் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் சிறைத்துறையின் கீழ் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆட்களும் பயணச் செலவும் தந்தால் இதைச் செய்யக்கூடியவர்கள் அவர்கள்தான். அரசு செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் ஏழைக் கைதிக்கு, வழக்கறிஞரே ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் சேகரிப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

உயர் நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்யும் கட்டத்தில், கோப்பில் இப்படி ஓர் அறிக்கை இல்லையென்றால் முதல் நாளே அதைக் கேட்டு வாங்க வேண்டும். வந்த பிறகுதான் தண்டனை குறித்த வாதம். மனநல மதிப்பீட்டைச் செய்பவர் அரசுத் தரப்புக்கோ சிறைக்கோ பதில் சொல்ல வேண்டியவராக இல்லாமல், நீதிமன்றத்துக்கு மட்டும் பதில் சொல்பவராக இருந்தால் நல்லது. செஷன்ஸ் நீதிபதிக்கும் குறைப்பில்லாத ஆயுளைப் பரிந்துரைக்கும் வாய்ப்பாவது வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும்.

சிறைக்குள் மாற வேண்டியதுதான் மிக அதிகம். தூக்குக் கைதிக்குப் படிப்பு எதற்கு, வேலை எதற்கு என்ற மனப்பான்மை பல இடங்களில் இருக்கிறது. ஒருவருக்குத் திருந்த வாய்ப்பே கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, திருந்திய அடையாளம் எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்வது நியாயம் ஆகாது. இந்த வழக்கில் ஒரு பட்டயச் சான்றிதழ் தராசில் வைக்கக் கிடைத்தது, அந்தப் படிப்பு அந்தச் சிறையில் கிடைத்ததால்தான்.

2029இல் இந்தக் கோப்பு மறுபடி ஒரு மேசைக்கு வரும். அன்று அதைத் திறப்பவர் முன் மீண்டும் ஒரு வரி மட்டும் இருந்துவிடக் கூடாது. என்ன வேலை செய்தார், யாரோடு எப்படிப் பழகினார், மனநல ஆலோசகரிடம் என்ன பேசினார், தான் செய்ததைப் பற்றி என்ன சொல்கிறார், வெளியே போனால் எங்கே தங்குவார், சிறுவனின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லப்பட்டதா என்று வருடா வருடம் எழுதிய பக்கங்கள் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களை எழுத வேண்டிய வருடங்கள் 2023லேயே ஓடத் தொடங்கிவிட்டன.